ஏன் எட்டு மாதம்? வடக்கின் பன்னிரண்டு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய யாழ்ப்பாணம், வன்னித் தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் நெடுந்தீவைச் சேர்ந்தவள். தீவகப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து, கடைசி ஆறு வருடம் அதிபராக இருந்து ஓய்வு பெற்றேன். உங்களில் யாருக்கும் என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாக்குக் கேட்டு வந்து எங்கள் கல்வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போன ஒருவருக்கு வேண்டுமானால் முகம் ஞாபகம் இருக்கலாம்.

ஒரு சின்ன விசயத்தில் இருந்து தொடங்குகிறேன். ஊர்ப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் வந்து, "ரீச்சர், நீங்கள் ஒருக்கா போய்க் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்கள். போனேன். முதல் பணிமனையில், ஆளணியை மேலே தீர்மானிக்கிறார்கள் என்றார்கள். மேலே போனேன். இடமாற்றச் சபையின் முடிவு, எங்களால் ஏலாது என்றார்கள். மூன்றாவது கந்தோரில், எல்லாம் கொழும்புச் சுற்றறிக்கைப்படி என்றார்கள். கொழும்பில் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்தால், அது மாகாணப் பாடசாலை, மாகாணத்திடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிப் போட்டேன். வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி: இது தொடர்பாக வேறொரு அலுவலகத்தை நாடவும். அந்த வேறொரு அலுவலகம், நான் முதல் நாள் போன அதே பணிமனை.

எட்டு மாதம் கழித்து ஓர் ஆசிரியை வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, கடல் கொந்தளிக்கிற நாளிலும் படகேறி வருகிறார். அந்தளவில் பிரச்சினை முடிந்தது. ஆனால் ஏன் எட்டு மாதம் என்ற கேள்வி என்னிடம் அப்படியே கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் வைக்க இந்த மாகாணத்தில் ஓர் இடம் இல்லை.

இருந்தது. கைதடியில், வடக்கு மாகாண சபை என்று இருந்தது.

மாகாண சபைகளைத் தந்த, 1987 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தைப் பற்றி நாங்கள் ஏராளமாகப் பேசியிருக்கிறோம். காணி, பொலிஸ், வடக்குக் கிழக்கு இணைப்பு, ஆளுநரின் அதிகாரம் என்று அதில் இல்லாதவற்றையும், இருந்தும் தராதவற்றையும் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. அதே திருத்தத்தில் யாரும் அதிகம் மேடையில் சொல்லாத ஒரு சிறு ஏற்பாடு உண்டு. மாகாணத்தின் அமைச்சர் வாரியம் கூட்டாக மாகாண சபைக்குப் பொறுப்புடையதாகவும், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அது. படிப்பித்த பழக்கத்தில் சொல்கிறேன், அந்த வரியின் எழுவாய் அமைச்சர் வாரியம், பயனிலை பதில் சொல்வது. இன்று எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. ஆனால் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. மாகாண அமைச்சுகள் இருக்கின்றன, அவற்றுக்குச் செயலாளர்கள் இருக்கிறார்கள், பிரதம செயலாளர் இருக்கிறார், வருடா வருடம் பணம் வருகிறது, செலவாகிறது. அமைச்சர்கள்தான் இல்லை. அவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய மாகாண சபை உறுப்பினர்கள் 38 பேரும் இல்லை.

வடக்கு மாகாண சபைக்கு ஒரே ஒரு தடவைதான் தேர்தல் நடந்தது, 2013 செப்டெம்பர் 21. எங்கள் தீவில் ஆட்கள் விடியவே போய் வரிசையில் நின்றார்கள். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 ஒக்டோபரில் ஐந்து வருடம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை.

அந்த ஐந்து வருடத்தில் மூன்று நாலு தடவை பார்வையாளர் பகுதியில் போய் இருந்து பார்த்திருக்கிறேன். பழைய கதையை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிரேரணைக்குப் பிரேரணை என்று போகும், உணர்ச்சியாகப் பேசுவார்கள், ஏகமனதாக நிறைவேறும். 2015 பெப்ரவரியில் நிறைவேறிய இன அழிப்புத் தீர்மானத்தைப் பிழை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 1985 மே மாதம் குமுதினிப் படகில் வெட்டப்பட்டவர்களின் ஊர் எங்களுடையது. அதைச் சொல்ல ஒரு சபை வேண்டும்தான். ஆனால் பிரேரணை என்பது வெளியே பார்த்துப் பேசுவது. கேள்வி என்பது உள்ளே, பக்கத்து ஆசனத்தில் இருக்கிற எங்கள் அமைச்சரைப் பார்த்துக் கேட்பது. முதலாவதில் எங்கள் ஆட்கள் சூரர்கள். இரண்டாவது வரும்போது சபையில் ஒரு சங்கடம் தெரியும். நம்மட ஆளை நாமே கேட்பதா, தென்னிலங்கைப் பத்திரிகைக்கு அவல் கொடுப்பதா என்று. எதிரில் இருந்தது ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் ஏழு பேர். அவர்கள் ஏதும் கேட்டால், அரசாங்கத்தின் ஆள் கேட்கிறார் என்பதே பதிலாகப் போதும் என்ற நினைப்பு.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் இதைக் கண்டோம். மாகாண சபை நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற நேரான கேள்விக்குச் சனம் நம்பக்கூடிய நேரான பதில் சபையில் இருந்து வரவில்லை. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது. மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட கிணறுகளின் உரிமையாளர்களுக்காக 20 மில்லியன் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்போது மாகாண சபை கலைந்து ஆறு மாதம்.

மாகாணத்துக்கு வந்த பணம் செலவழியாமல் திரும்பிப் போனதா இல்லையா என்ற சண்டையும் அப்படித்தான். போனது என்று ஒரு பக்கம், போகவே இல்லை என்று முதலமைச்சர் பக்கம். கணக்கை மேசையில் வைத்து, தலைப்புத் தலைப்பாகக் கேட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிகிற விசயம். இன்றைக்கும் தேநீர்க்கடையில் அது முடியவில்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் முதலமைச்சர் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்து, இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அதே கிழமை முதலமைச்சருக்கு எதிராக அவருடைய கட்சிக்காரர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு சமாதானம், பிறகு இன்னொரு அமைச்சரை நீக்கிய வழக்கு. அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கே இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் சொல்லும் மட்டும் இழுபட்டது. அந்த நாட்களில் பலருக்கு வெட்கம். எங்கள் வீட்டில் என் தமையனார் பத்திரிகையைச் சுருட்டி எறிந்தார். எனக்கு அவ்வளவு வெட்கம் வரவில்லை. தமிழ் அமைச்சர் ஒருவர் தமிழ் சபை ஒன்றின் கேள்விக்காகக் கதிரையை விட்டு எழும்ப வேண்டி வந்தது எங்கள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அசிங்கமாக நடந்தது, கட்சிச் சண்டையாக நடந்தது, ஆனால் நடந்தது.

இப்போது யார் எழும்புவார்? 2018 இன் பின் சுரேன் ராகவன், பி.எஸ்.எம். சாள்ஸ், ஜீவன் தியாகராஜா, மறுபடியும் சாள்ஸ், 2024 இல் நா. வேதநாயகன் என்று ஆளுநர்கள் வந்திருக்கிறார்கள். தனிப்பட்ட முறையில் ஒருவரிலும் எனக்குக் குறையில்லை. இருவர் அரச அதிபராக இருந்த அனுபவம் உள்ளவர்கள், நிர்வாகம் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களை நியமிப்பவர் சனாதிபதி, எடுப்பவரும் அவரே. ஆளுநர் அரசியலமைப்பை மீறினால் அவரை நீக்கச் சொல்லி மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் சனாதிபதியிடம் கேட்கும் வழி மாகாண சபைக்கு இருக்கிறது. சபையே இல்லாதபோது அந்த வழியும் பூட்டிக் கிடக்கிறது. முறைப்பாட்டுக் கடிதம் கொடுக்கலாம், பொதுமக்கள் சந்திப்பு நாளில் வரிசையில் நிற்கலாம். அது மனுக் கொடுப்பது. நான் கேட்பது அதுவல்ல.

என் தமையனின் மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவள் எனக்கு ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் ஒளிப்பதிவுகளை வட்ஸ்அப்பில் அனுப்புவாள். லண்டன் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்த சபை அது, 129 பேர். வியாழக்கிழமை நடுப்பகல் என்றால் அங்கே முதலமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும். அவள் அனுப்பியதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு கப்பல் கதை. அங்கேயும் தீவுகள், அங்கேயும் தீவுச் சனத்துக்குப் படகுப் பிரச்சினை. அரன் என்ற தீவுக்காகக் கட்டிய கிளென் சானக்ஸ் என்ற கப்பலும் அதன் சோடியும் 2015 இல் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தமாயின. 2017 நவம்பரில் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டேர்ஜன் வெள்ளோட்டம் விட்டபோது, கப்பலின் முகப்பில் இருந்த யன்னல்கள் உண்மையான யன்னல்கள் இல்லை, பெயின்றால் கீறியவை! அது பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். செலவு பல மடங்கு.

இதில் ஸ்கொட்லாந்துக்காரர் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் கட்டி முடியும் வரை கேள்வியும் ஓயவில்லை. 2022 மார்ச்சில் கணக்காய்வாளர்கள், இவ்வளவு ஆபத்தான ஒப்பந்தத்துக்கு அமைச்சர்கள் ஏன் சம்மதித்தார்கள் என்பதை விளக்கப் போதிய ஆவணம் இல்லை என்று எழுதினார்கள். உறுப்பினர்கள் விட்டார்களா? யார் கையெழுத்து, எந்தத் திகதி, எந்த மின்னஞ்சல் என்று குடைந்தார்கள். நவம்பரில் முதலமைச்சரே பொதுக் கணக்காய்வுக் குழுவின் முன் வந்து இருந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆளும் கட்சி பலமாக இருந்த காலத்தில்தான் இதெல்லாம்.

அதைப் பார்த்துவிட்டு நான் எங்கள் நெடுந்தாரகைப் படகை நினைத்தேன். குறிகட்டுவானுக்கும் மாவிலித்துறைக்கும் இடையில் ஓட என்று, உலக வங்கியும் அவுஸ்திரேலியாவும் பணம் கொடுத்த திட்டத்தின் கீழ், மாகாண சபைக் காலத்தில் 2017 ஜனவரியில் வெள்ளோட்டம் விட்டார்கள். பிரதேச சபைக்குக் கையளித்தார்கள். நாங்கள் மாலை போட்டோம், பிள்ளைகள் வாத்தியம் வாசித்தார்கள். நல்ல படகு, யன்னலும் உண்மையான யன்னல்தான். பிறகு அதன் சேவை நின்றும் தொடங்கியும் போன கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எரிபொருள் செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தானா வாங்கினார்கள்? பழுது பார்க்கும் பணம் யாருடையது? சின்னப் பிரதேச சபை ஒன்றால் இதைத் தாங்க முடியுமா என்று ஒப்படைக்க முன் யாராவது கேட்டார்களா? மாகாணத்தைக் கேட்டால் படகு பிரதேச சபையுடையது. பிரதேச சபையைக் கேட்போம் என்றால், 2023 மார்ச்சில் அதுவும் கலைந்து, 2025 மே தேர்தல் வரும் மட்டும் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயும் தெரிவான ஆள் இல்லை. அந்த இரண்டு வருடமும் நெடுந்தீவு மனிசருக்கு வாக்களித்துத் தெரிவான ஆட்கள் என்று இருந்தது உங்கள் ஆசனங்களில் இருந்தவர்கள் மட்டும்தான்.

அதனால்தான் கடிதம் உங்களுக்கு.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நாங்கள் கேட்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். பார்க்கிறேன், யூடியூப்பில் எல்லாம் வருகிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியின் மண்டபத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சத்தம் போடுவதும், திணைக்களப் பணிப்பாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்பதும், பின்னணியில் இசை போட்டு வெட்டி ஒட்டிய காணொளியும். அந்த அதிகாரியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கிறது. கொள்கை அவருடையது இல்லை. நிதியை எதற்கு ஒதுக்குவது என்று முடிவெடுத்தவரும் அவர் இல்லை. முடிவெடுத்தவர் அந்த மண்டபத்தில் இல்லை, அல்லது உங்களுக்குப் பக்கத்தில் மேடையில் இருக்கிறார். கேட்டதும் சொன்னதும் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறுவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி புதிதாகப் பிறக்கிறது. எங்கள் பாடசாலை விவகாரமும் ஒரு கூட்டத்தில் எழுப்பப்பட்டதாம், குறித்துக் கொண்டார்களாம்.

வீதி ஒன்றையே எடுங்கள். ஏ, பி தர வீதி என்றால் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சீ, டி தரம் என்றால் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களம். ஒழுங்கை என்றால் பிரதேச சபை. குழிக்குள் விழுகிற மனிசனுக்கு இந்த எழுத்துகள் தெரியாது, தெரியவும் தேவையில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும். முதலாவதைப் பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் கேட்கலாம், மூன்றாவதை இப்போது சபையில் கேட்கலாம். நடுவில் இருப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. பாடசாலைகளும் அப்படி. நாட்டில் உள்ள பத்தாயிரம் அளவான அரசுப் பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் ஏறத்தாழ 400 தான், மிச்சம் எல்லாம் மாகாணத்தின் கீழ். போதனா வைத்தியசாலை மத்திக்கு, எங்கள் தீவின் பிரதேச வைத்தியசாலை மாகாணத்துக்கு. ஏழைச் சனம் அன்றாடம் தொடுகிற அரசாங்கம் எதுவோ அதற்குத்தான் ஏழு வருடத்துக்கு மேலாகக் கேள்வி நேரம் இல்லை.

இது வடக்குக்கு மட்டும் வந்த வினை என்று சொல்லவும் முடியாது. கிழக்கு, சப்ரகமுவ, வடமத்திய மாகாண சபைகள் எங்களுக்கு ஒரு வருடம் முன்பே, 2017 இலேயே முடிந்துவிட்டன. 2019 முடியும்போது ஒன்பதும் இல்லை. குருநாகலில் ஒரு சிங்களத் தாய் தன் பிள்ளையின் பாடசாலைக்காக அலைந்தால் அவருக்கும் என் கதைதான்.

இது எப்படி நடந்தது என்பதையும் உங்கள் கட்சிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிசெய்ய என்று கொண்டுவந்த சட்டமூலம் அது. குழுநிலையில் அதன் வயிற்றுக்குள் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய தேர்தல் முறை ஒன்றைத் திணித்தார்கள். எங்கள் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஆதரித்துத்தான் வாக்களித்தார்கள். பெண்களின் பெயரைச் சொல்லி வந்த சட்டம் பெண்களுக்கும் இடம் தரவில்லை, ஆண்களுக்கும் தரவில்லை. அடுத்த வருடம் ஓகஸ்ட் 24, புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுமில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்துக் கை உயர்த்தினார். மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தரும் என்றார்கள். பழைய முறை செத்துவிட்டது, புதிய முறை பிறக்கவில்லை. இடையில் தேர்தல் ஆணைக்குழு என்ன செய்யும்?

பழைய விகிதாசார முறையிலேயே இந்த ஒரு தடவை நடத்தலாம் என்று சின்னத் திருத்தம் ஒன்று போதும். அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் தேவையில்லை. உங்கள் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் ஆளும் தேசிய மக்கள் சக்தி. உங்கள் 2024 தேர்தல் அறிக்கையில் ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று இருந்தது. 225 இல் 159 உங்கள் பக்கம். எண்ணிக்கை காணாது என்று சொல்ல வழியில்லை. மற்ற ஏழு பேருக்கும் ஒரு வார்த்தை. மாகாண சபை ஒரு தீர்வே இல்லை, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த முதலமைச்சர் வேட்பாளர் யார் என்று பத்திரிகைக்கு ஊகம் கொடுக்கிற விளையாட்டை நிறுத்துங்கள். தீர்வா இல்லையா என்பதை நீங்கள் ஆறுதலாகப் பேசுங்கள், அது எங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும். எனக்கு வேண்டியது விஞ்ஞான ஆசிரியர் ஏன் எட்டு மாதம் வரவில்லை என்று ஒரு மாகாண உறுப்பினர் எழுந்து கேட்பதும், கல்வி அமைச்சர் என்று ஒருவர் அதற்குப் பதில் சொல்வதும், பதில் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் அவர் எங்கள் கல்வேலிக்கு வெளியே வந்து நிற்பதும்.

தேர்தல் வரும் வரைக்கும் சும்மா இருக்கவும் தேவையில்லை. பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குகள் பற்றிய குழு, கோபா, மாகாண சபைகளின் கணக்கையும் பார்க்கலாம். வட மாகாண அமைச்சுச் செயலாளர்களை அங்கே அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் எழுத்துமூல வினா போடுங்கள். தீவகத்தில் எந்தப் பாடசாலையில் எந்தப் பாட ஆசிரியர் எத்தனை நாளாக இல்லை என்று எண்ணோடு கேளுங்கள், பதிலைத் தமிழில் வெளியிடுங்கள். ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டறிக்கையை அடுத்த கூட்டத்துக்கு முன் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். காணொளி எடுக்கும் தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் முந்தைய கூட்டத்தின் தாளையும் கையில் வைத்திருங்கள்.

பதில் எழுதுவதென்றால் தபாலில் போடுங்கள். எழுதக் கையிருந்தால் இரண்டே விசயம் போதும். 2017 திருத்தத்தை மாற்றும் சட்டமூலத்துக்கு நீங்கள் ஆதரவா, எதிரா என்பது ஒன்று. நெடுந்தாரகைக்கு இன்றைய திகதியில் பொறுப்பான ஆளின் பதவிப் பெயர் என்ன என்பது மற்றது. கடல் குழம்பியிருந்தால் கடிதம் இரண்டு மூன்று நாள் பிந்தும். அது பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்,
நெடுந்தீவு.